டாக்டர் வசந்தி என்ற பெயரில் வெளியான படத்தில் இருப்பவர் குறித்து வாக்குமூலம்

பெயர்: சீனிவாசராகவன். த/பெ: காலஞ்சென்ற தேசிகன். வயது: 41. தொழில்: வெப்சைட் வடிவமைப்பு. வீடு: பெங்களூர், மல்லேஸ்வரம், பதினைந்தாவது கிராஸ். அலுவலகம்: லிங்கராஜபுரம், மௌரீன் தையற்கடை மாடி. நாள்: 14.11.2025, வெள்ளிக்கிழமை, காலை 11.20.

மேற்படி விலாசத்தில் மனைவி அனன்யாவுடனும் மகளுடனும் வசித்து வருகிறேன். எனக்குக் கன்னடம் நன்றாகப் பேச வரும், எழுத வராது என்பதால் தலைமைக் காவலர் உத்தமன் நான் சொல்வதைத் தமிழில் எழுதிக்கொள்கிறார். என்னை யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை, நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன். மூன்று நாள் தாமதித்து வந்தேன் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொன்னேன். நான் சிறு வயதிலிருந்தே பயந்த சுபாவம் உடையவன். டிராஃபிக் போலீஸ் பக்கத்து வண்டியை நிறுத்தினாலும் எனக்குக் கை வியர்க்கும். இப்போதும் வியர்க்கிறது.

நான் ஏழு வருடங்களாக, வெப்சைட் செய்யக் கற்றுக்கொள்கிறவர்களுக்காக ஒரு இணையப் பக்கம் நடத்தி வருகிறேன். பட்டனை எங்கே வைத்தால் விரல் எளிதாகப் போகும், பக்கம் ஏன் மெதுவாகத் திறக்கிறது, எந்த எழுத்துருவைத் தொடக் கூடாது என்று வாரம் ஒரு யோசனை எழுதுவேன். கூடவே டெம்ப்ளேட்டுகளை இலவசமாகக் கொடுப்பேன். டெம்ப்ளேட் என்பது ஆயத்தமாகச் செய்து வைத்த வெப்சைட். எடுத்துக்கொள்கிறவர் அதிலுள்ள பெயரையும் படத்தையும் மாற்றிவிட்டுத் தம்முடையதாகப் பயன்படுத்தலாம். மாற்றத்தான் வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

2023ஆம் வருடம் ஜூலை மாதம், மாதிரிப் பக்கங்களில் சாம்பல் நிறக் கட்டங்களை வைக்காதீர்கள், நிஜ முகம் வையுங்கள், பார்க்கிறவருக்கு நம்பிக்கை வரும் என்று ஒரு யோசனை எழுதினேன். அதற்கு உதாரணமாக ஒரு குழந்தைகள் கிளினிக்குக்கான டெம்ப்ளேட் செய்தேன். நிஜ முகம் ஒன்று தேவைப்பட்டது. அப்போது எங்கள் அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்க வரும் நீலசந்திராவைச் சேர்ந்த சந்திரம்மா, வயது சுமார் 46, ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம், "ஒரு நிமிஷம் அப்படியே நில்லுங்கோ சந்திரம்மா, ஒரு போட்டோ" என்றேன். அவர், "என்னாத்துக்கு சார், ஐடி கார்டுக்கா?" என்று கேட்டுவிட்டு, துடைக்கிற துணியை ஜன்னலுக்கு வெளியே மறைத்துப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கம்ப்யூட்டரில் போடுவதற்கு என்று மட்டும் சொன்னேன். யார் யார் எடுத்துக்கொள்வார்கள் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அதன் பிறகு அந்தப் படத்தின் கீழே டாக்டர் வசந்தி, குழந்தை நல மருத்துவர் என்று நானே ஒரு பெயரைப் போட்டேன். அவரிடம் காட்டியபோது ரொம்பச் சந்தோஷப்பட்டு, மகள் மமதாவுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். சந்திரம்மாவின் பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்புவரைதான்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. எல்லாமே அதில்தான் இருக்கிறது என்பதால் நிதானமாகச் சொல்கிறேன். வெப்சைட்டில் ஒரு படம் வைத்தால், அது என்ன படம் என்று பக்கத்தின் உள்ளே ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். அது வெளியே தெரியாது. பார்வை இல்லாதவர்களின் போன் அந்த வரியை வாய்விட்டுப் படித்துச் சொல்லும். இதை எழுதாமல் விடுகிறவர்களை என் பக்கத்தில் பலமுறை திட்டியிருக்கிறேன். எனவே இந்தப் படத்துக்கும் எழுதினேன். டாக்டர் வசந்தி என்று எழுதியிருக்கலாம். ஆனால் அன்றைக்குக் கை போன போக்கில், "ஜன்னல் அருகே சிரிக்கும் சந்திரம்மா, பெங்களூர்" என்று எழுதிவிட்டேன். அந்த டெம்ப்ளேட்டை இதுவரை நாற்பதாயிரம் பேருக்கு மேல் எடுத்திருக்கிறார்கள். அந்த எண்ணைப் பார்த்து நான் பெருமைப்பட்டிருக்கிறேன்.

இந்த மாதம் 11ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை சுமார் 7.50 மணிக்கு எங்கள் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. குழந்தை இல்லாதவர்களுக்குக் குழந்தை பெற்றுத் தருவதாகச் சொல்லி ஒரு வெப்சைட் நடப்பதாகவும், அது குழந்தை கடத்தும் கும்பல் என்றும், அதிலுள்ள டாக்டர் வசந்தி என்பவளின் உண்மைப் பெயர் சந்திரம்மா என்றும், பெங்களூரில் இவளை எங்கே கண்டாலும் விடாதீர்கள் என்றும் படத்துடன் எழுதியிருந்தது. யாரோ விவரம் தெரிந்தவர் பக்கத்தின் உள்ளே பார்த்து அந்தப் பெயரை எடுத்திருக்கிறார். அனன்யா என்னிடம் போனை நீட்டி, "இது உங்க ஆபீஸ் சந்திரம்மாதானே?" என்று கேட்டாள். நான், "சேச்சே, இது வேற யாரோ" என்றேன். அவள் மகளைப் பள்ளியில் விடக் கிளம்பிவிட்டாள்.

அதன் பிறகு நான் கதவைத் தாழிட்டுக்கொண்டு அந்த வெப்சைட்டைத் திறந்து பார்த்தேன். என் டெம்ப்ளேட்தான். நான் எழுதிய வரி ஒரு எழுத்துக்கூட மாறாமல் இருந்தது. போலீஸ் முதலில் என்னிடம்தான் வரும், நான்தான் அந்தக் கும்பலுக்கு வெப்சைட் செய்து கொடுத்தேன் என்று சொல்வார்கள் என்று தோன்றியது. அதன் பிறகு என் பக்கத்திலிருந்து டெம்ப்ளேட்டை எடுத்தேன், அதன் பிறகு யோசனையை எடுத்தேன், அதன் பிறகு போனில் இருந்த அசல் படத்தை அழித்தேன், அழித்தவை முப்பது நாள் தங்கும் இடத்திலிருந்தும் அழித்தேன், அதன் பிறகு மமதாவுக்கு அனுப்பிய செய்தியையும் என் போனிலிருந்து அழித்தேன். இதையெல்லாம் செய்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

சந்திரம்மா ஒன்பது மணிக்கு மேல்தான் வீட்டிலிருந்து கிளம்புவார் என்பது எனக்குத் தெரியும். அவர் எண் என்னிடம் இருந்தது. வெளியே வராதீர்கள் என்று சொல்ல எனக்குப் போதுமான நேரம் இருந்தது. போன் செய்தால் இந்த விஷயம் எனக்கு முன்பே தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி ஆகிவிடும் என்று நினைத்துச் செய்யவில்லை.

காலை 9.42 மணிக்கு என் போன் அடித்தது. திரையில் சந்திரம்மா ஆபீஸ் என்று வந்தது. நான் எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அடிக்க ஆரம்பித்துப் பாதியில் நின்றுவிட்டது. அதன் பிறகு வரவில்லை.

பகல் பன்னிரண்டு மணிக்கு அலுவலகம் போனேன். எப்போதும்போல் இருக்க வேண்டும் என்று போனேன். கீழே தையற்கடை வைத்திருக்கும் மௌரீன் மாடியேறி வந்து, "சீனி, கேட்டீங்களா? நம்ம சந்திரம்மாவ பஸ் ஸ்டாப்புல ஜனங்க போட்டு அடிச்சிட்டாங்களாம். ஒரு பொம்பள வந்து நீ சந்திரம்மாவான்னு கேட்டிருக்கா. இவளும் ஆமா, யாரு நீங்கன்னு கேட்டிருக்கா. அவ்ளோதான்" என்று சொல்லி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அவர் கீழே போனதும், பெருக்க ஆள் இல்லாததால் நானே துடைப்பத்தை எடுத்து அலுவலகத்தைப் பெருக்கினேன். ஏன் பெருக்கினேன் என்று உத்தமன் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை ஜுரம் என்று வீட்டில் படுத்திருந்தேன். லிஃப்ட் திறக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்தேன். சந்திரம்மாவின் இடது மணிக்கட்டு உடைந்திருப்பதும், அடித்தவர்களே கொடுத்த புகாரின் பேரில் அவர் ஆஸ்பத்திரியில் போலீஸ் காவலில் இருப்பதும் மௌரீன் மூலம் தெரியவந்தது.

நேற்று 13ஆம் தேதி மாலை அலுவலகத்தில் இருந்தபோது சந்திரம்மாவின் கணவர் அய்யாவு, பெயிண்டர், வந்தார். செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து அலுவலகச் சாவியை மேஜைமேல் வைத்தார். "குடுத்துட்டு வரச் சொன்னா சார், வேற ஆள் வெச்சா தேவப்படுமேன்னு" என்றார். அதன் பிறகு அவர் சொன்னது: "அன்னிக்கி அது எங்க சார் எடுத்த போட்டோன்னு சொல்லி உங்களுக்குப் போன் போட்டிருக்கா. நீங்க எடுக்கலன்னதும் பொய் சொல்றான்னு போன புடுங்கி ஒடச்சிட்டானுங்க. நீங்க மீட்டிங்ல இருந்திருப்பீங்க, சைலண்ட்ல போட்டிருப்பீங்கன்னு அவளே சொல்றா. போலீஸ் கிட்ட இன்னும் உங்க பேரச் சொல்லல சார். சொன்னா சாருக்குக் கோவம் வரும், வேலையும் போயிடும்னு பயப்படறா."

நான் நாற்பத்தொரு வருடமாக எல்லோருக்கும் பயந்து வாழ்ந்தவன். கை உடைந்து படுத்திருக்கிற ஒருவர் எனக்குப் பயப்படுகிறார் என்று கேட்டபோது, அதற்குமேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அய்யாவுவிடம் உடனே உண்மையைச் சொன்னேனா என்றால், சொல்லவில்லை. தண்ணீர் மட்டும் கொடுத்தேன்.

அவர் போன பிறகு, அதே படமும் உள்ளே அதே வரியும் மாற்றப்படாமல் இருக்கும் வெப்சைட்டுகளைத் தேடினேன். பல் ஆஸ்பத்திரி, டியூஷன் சென்டர், ஹெப்பகோடியில் ஒரு பிளாட் விற்கும் கம்பெனி உட்பட முப்பத்தொன்று கிடைத்தது. அந்தப் பட்டியலை என் கையால் எழுதி இத்துடன் கொடுத்திருக்கிறேன். சந்திரம்மா இதில் எதற்கும் சம்பந்தப்பட்டவர் அல்ல. அசல் படத்தை அழித்தவன் நான். அதை மீட்க முடியுமா என்று பார்க்க என் லேப்டாப்பையும் போனையும் ஒப்படைத்திருக்கிறேன். குழந்தை விற்கும் அந்த வெப்சைட்டை நடத்துகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை நான் எந்த மீட்டிங்கிலும் இல்லை. என் போன் சைலண்டில் இல்லை. மேஜைமேல், என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

மேலே எழுதியிருப்பதை உத்தமன் எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார். நான் சொன்னதும் அதுதான், நடந்ததும் அதுதான். என்னை யாரும் மிரட்டவில்லை. இதைச் சந்திரம்மாவுக்கும் வாசித்துக் காட்டும்படியும், அப்போது நான் அங்கே இருக்க வேண்டாமே என்றும் கேட்டேன். உத்தமன் பேனாவை வைத்துவிட்டு, "நீங்களே போய் உங்க வாயால சொல்லுங்க சார்" என்றார். அவர் அப்படிச் சொன்னதையும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

(ஒப்பம்)
சீனிவாசராகவன்