நீரூற்றுப் பெண்ணோட இடது கால்

தப்பா எதாச்சும் சொல்லிடுவேனோன்னு பயமாத்தாம்மா இருக்கு. நீ மியூசியத்துலேருந்து வந்தவ, நான் சொல்றதெல்லாம் புத்தகத்துல ஏறிடும். சிற்பி கவுடென்ஸ் வீட்டுல தரை தொடச்சவ மெங்கான்னு மட்டும் எழுதிக்கோ. காப்பி ஆறுது, குடி.

ஆமா, பன்னெண்டு வருஷம். அடுப்பு மூட்டுவேன், சாயங்காலம் களிமண் செலைக்கு ஈரத்துணி சுத்துவேன். காஞ்சா வெடிச்சிடும்ல?

சதுக்கத்து நீரூற்றுச் செலைக்கு யாரு நின்னதுன்னா கேக்குற? ஐயோ, சிரிக்காத, எனக்கும் சிரிப்பு வருது. மொதல்ல கதவச் சாத்து. எங்க வீட்டுக்காரர் மணிக்கூண்டுலேருந்து எறங்கி வர்றதுக்குள்ள சொல்லிடுறேன். செலைக்கு நிக்க சூரிச்லேருந்து ஒரு பொண்ணு வரவேண்டியது, பனியில ரயில் நின்னுபோச்சு. சிற்பி என்னைப் பாத்தார். மெங்கா, அந்த வாளியோட அப்படியே நில்லுன்னார். மொத நாள் துணியோடதான். மூணாம் நாள்... அடி, அதை எழுதாத!

மூஞ்சிய மாத்திடுறேன்னு சத்தியம் பண்ணினார், மாத்தவும் மாத்தினார். ஆனா காலு? இருக்கிறத இருக்கிறபடிதான் செய்வேன்னு ஒரே பிடிவாதம். எனக்கு இடது கால்ல ரெண்டாவது வெரல் மூணாவது மேல ஏறிப் படுத்திருக்கும். குளிருக்கு நான் அடுப்புகிட்ட கால நீட்டினா போதும், அந்த வெரலுக்குத் தனியா ஒரு கட்டில் போடணும்டீன்னு எங்க லூட்ஸி கேலி பண்ணுவார். கோயில் மணியடிக்கிற மனுசன்! அந்த வெரல சதுக்கத்துல பாத்தா என்னை வீட்டுல வச்சிருப்பாரா?

திறப்பு விழாவுக்கு ஊரே கூடிடுச்சு. துணிய இழுத்தாங்க. எங்க வீட்டுக்காரர் நேராப் போய்க் குனிஞ்சு காலைத்தான் பாக்குறார்! எனக்கு உசுரே இல்ல. நிமிந்து, மெங்கா, இதுக்குப் பேரு காலு, உன்னோடதும் இருக்கேன்னார். நான் சிரிச்ச சிரிப்புல பாதிரியாரே திரும்பிப் பாத்தார்.

என்னது? சிற்பி செஞ்சதுலயே அந்த இடது கால்தான் ஒசத்தின்னு எழுதப் போறியா? ஐயையோ, இரு, சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது எனக்கு.

சிற்பிதான் போன பனிக்காலத்துல போய்ச் சேந்துட்டாரே, இனி கோவிச்சுக்க மாட்டார். விழாவுக்கு ரொம்ப முன்னாடி, வெங்கலத்துல வார்க்க அச்சு எடுக்கிற ஆள் மறுநாள் வரான்னாங்களா, அன்னிக்கு ராத்திரி களிமண் செலையோட ஈரத்துணிய விலக்கி, காப்பி ஸ்பூனால அந்த வெரலக் கீழ எறக்கி, கட்டவெரலால தடவி விட்டுட்டேன். சிற்பி காலைல வந்து பாத்துட்டு, நேத்து நல்லாத்தான் செஞ்சிருக்கேன்னார்.

நம்பலேன்னா போய்க் குனிஞ்சு பாரு. வெரலுக்கு அடியில ஒரு கைரேகை இருக்கும். அவர் கை பெருசும்மா, அது என்னோடது.