மீசைக்காரன் கேம்

"...அதான் சொல்றேன் மிஸ், சும்மா குடுக்குற சாமான மனுசன் தொடவே கூடாது. காசுக்கு வாங்கினா கடைக்காரன்கிட்ட போய்ச் சண்ட புடிக்கலாம். இதுக்கு எவன்கிட்ட போறது?"

ரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்குப் போகிற பஸ். பக்கத்து சீட்டுக்காரரின் தகரப் பெட்டி டொறீனின் காலை இடித்துக்கொண்டே வந்தது. பேர் மாணிக்கவாசகமாம். ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டத்தில் போன கிழமை வரைக்கும் கணக்கப்பிள்ளையாம்.

"புள்ளக்காம்பராவுல கைப்புள்ளைங்கள பாத்துக்குற புஷ்பவதி இருக்குல்ல, கம்பியூட்டர் கிளாஸ் போன புள்ள... அது ஒரு கேம் செஞ்சிருச்சு. கொழுந்தெடுக்குற பொம்பளைங்க ஓடுறாங்க, ஒரு மீசைக்காரன் தொரத்தித் தொரத்தி 'அரப்பேரு, அரப்பேரு'ங்கிறான். அர நாள் சம்பளந்தான்னு அர்த்தம். மீச யாருதுங்கிறீங்க? ஆங்... இதே மீசதான். கம்பியூட்டர் வச்சிருக்குற றஹீம் நானா கடையில சனம் லைன்ல நின்னு வெளையாடுது.

சரி, கணக்கப்பிள்ள படுற பாட்டையும் ஒலகம் பாக்கட்டும்னு நானாகிட்ட போனேன். ஒரு சீடி குடுத்தாரு. படம் வரைய ஒண்ணு, சத்தம் சேக்க ஒண்ணு, கேம கட்ட ஒண்ணு, எல்லாம் இலவசம். படிப்பே வேணாம், மவுஸால இழுத்து வச்சா போதும்னாரு. ஒக்காந்தேன் மிஸ். மலைக்குப் பனி போட்டேன். தகரத்துல அரிசி கொட்டி மழ சத்தம் புடிச்சேன். அட்ட கடிச்சா ஒரு உசுரு போகும். மீசய மட்டும் கொஞ்சம்... லச்சணமா வச்சேன்.

தோட்டத்துப் பெரிய தொரகிட்ட நானே கொண்டுபோய்க் குடுத்தேன். வெளையாடினாரு, சிரிச்சாரு. அப்புறம் சிரிப்ப நிப்பாட்டிட்டு, 'கொழுந்து நிறுக்குறப்ப சாக்குக்கு அடியில முழங்கால முட்டுக் குடுத்தா நிறுவ கொறஞ்சு பொயிண்ட் கூடுதே, அது என்ன கணக்கப்பிள்ள?'ன்னாரு. கேம்னா ஒரு தெறம வேணாமா மிஸ்? தெரிஞ்சத வச்சுச் செய்யின்னு அந்த சீடியிலயே போட்டிருந்துச்சு. மாட்டிக்குவேன்னு ஒரு வரி போட்டானா? சும்மா குடுக்குறவனுக்கு என்ன அக்கற."

டொறீனின் அம்மா அந்த மலைகளில்தான் கொழுந்து நிறுக்க வரிசையில் நின்றவள். வீட்டுக்கு வந்து, "எடுத்தது அவ்வளவு, நிறுவையில இவ்வளவுதான்" என்று கையை விரிப்பாள். டொறீன் அவருடைய முழங்காலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

செக்பொயிண்டில் எல்லாரையும் இறக்கினார்கள். ஆமிக்காரன் பெட்டியைக் கிளறி சீடியை வெளியே எடுத்தான்.

"மேக்க மொகக்த?" இது என்ன என்று கேட்டான்.

வரிசையில் நின்றவர்கள் ஒரு அடி தள்ளி நின்றார்கள். ரெண்டாயிரத்தேழில் தமிழன் பெட்டியில் பேர் எழுதாத சீடி இருப்பது சின்ன விஷயமில்லை. மாணிக்கவாசகம் மட்டும் சாவகாசமாகச் சிங்களத்தில் ஆரம்பித்தார். புஷ்பவதியில் தொடங்கி மீசை, அரிசி, அட்டை என்று அவர் வரவர ஆமிக்காரனின் முகம் களைத்துப்போனது. முழங்கால் வருவதற்குள் அவனே சீடியை உள்ளே வைத்துப் பெட்டியைப் பூட்டினான்.

"ஹரி, ஹரி... யன்ன."

மிச்சப் பைகளைத் தொடாமலே முழு பஸ்ஸையும் போகச் சொல்லிவிட்டான்.

டொறீன் பின்கதவால் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். மாணிக்கவாசகம் காலியான இடத்தைப் பார்த்தார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னுக்குப் போனார்.

"பாருங்க தம்பி, சும்மா குடுக்குற சாமான்..."

டிரைவருக்கு மாத்தளை வரைக்கும் இறங்க வழியில்லை.