நல்லா இருக்கேன் சார்

— மறுபடியும் அதையே சொல்றீங்க ஐயா. என்னை ஜட்ஜுன்னு நினைச்சுக்கோங்கன்னு சொன்னேன்ல? உடம்புக்கு என்ன பண்ணுது?

— நல்லா இருக்கேன், மேடம்.

— பாத்தீங்களா வக்கீலம்மா? வீட்டுல செவுத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் பாத்ரூமே போவாரு. இந்தக் கோர்ட்டு பெஞ்சுல கூட ஒரு பக்கமா சாஞ்சுதான் உக்காந்திருக்காரு. ஆனா கேள்வின்னு வந்துட்டா மாப்பிள்ளை கணக்கா நிமிர்ந்துக்குவாரு.

— நீ சும்மா இருடி.

— கட்டிக்கிட்ட நாள்லேருந்து சும்மாதான இருக்கேன்.

— அக்கா, கொஞ்சம் பொறுங்க. ஐயா, மெடிக்கல் போர்டுலயும் இதையேதான சொன்னீங்க? இடுப்புல இருக்குற இரும்புத் துண்டு பட்டாளத்துல பட்டதில்ல, வெளியில எங்கயோ பட்டதுன்னு எழுதி பென்ஷனை மறுத்துட்டாங்க. இந்த அப்பீலும் போச்சுன்னா மேல போக வழியில்ல.

— அந்த டாக்டர் யூனிஃபார்ம்ல இருந்தாரு மேடம்.

— பென்ஷன் காசு வந்து ஆபரேஷன் பண்ணலைன்னா கால் விளங்காமப் போயிடும்னு சொல்லிட்டாங்க. இவரு என்னடான்னா மரியாதை பாக்குறாரு!

— மரியாதை இல்லடி.

— பின்ன என்னவாம்?

— விடு.

— விட முடியாதுங்க ஐயா. இப்ப கூப்பிட்டுருவாங்க. அடிபட்ட அன்னைக்கே ஏன் சொல்லலை? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

— குண்டு விழுந்ததும் ஆபீசர் வரிசையா கேட்டுக்கிட்டே வந்தாரு. யாருக்கு வலிக்குதுன்னு. எனக்கு ரத்தம் பூட்ஸ் வரைக்கும் வழியுது. எனக்கு முன்னால பாட்டுக்காரன்னு ஒருத்தன். அவனுக்குச் சும்மா சிராய்ப்புதான். வலிக்குது சார்னான். ஆம்புலன்ஸ்ல ஏத்தினாங்க. வலிக்குதுன்னு சொன்ன அத்தனை பேரையும் ஏத்தினாங்க.

— நீங்க ஏறலையா?

— என் முறை வர்றதுக்குள்ள இடம் இல்லைன்னு வண்டி கிளம்பிடுச்சு. வளைவைக் கூடத் தாண்டலை மேடம். கண்ணிவெடி. ஒருத்தனும் மிஞ்சலை. அதுக்கப்புறம்தான் ஆபீசர் என்கிட்ட வந்து கேட்டாரு.

— என்ன சொன்னீங்க?

— நல்லா இருக்கேன் சார்னேன். மறைவாப் போய் நானே துணியைக் கிழிச்சுக் கட்டிக்கிட்டேன்.

— ஐயோ… இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களாங்க?

— ஐயா, இதை இப்படியே உள்ள வந்து சொல்லுங்க. அது போதும்.

— வராது மேடம். யாராவது கேட்டா வாயில அது ஒண்ணுதான் வருது.

— அவரு சொல்ல வேணாம் வக்கீலம்மா. நான் கூண்டுல ஏறுறேன்.

— நீங்க அந்த இடத்துல இல்லையே அக்கா. கண்ணால என்ன பாத்தீங்கன்னுதான் கேப்பாங்க.

— பாத்தேன். பெரியவ பொறந்த அன்னைக்கு. வலி தாங்காம வீட்டுல கத்தினேன். இவரு ஓடி வந்து என் வாயைப் பொத்தினாரு, மூச்சு முட்டுற அளவுக்கு. அக்கம்பக்கத்துல கேக்குமேன்னு மானம் பாக்குறாருன்னு நினைச்சேன். அந்த ஆத்திரம் இன்னைக்கு வரைக்கும் எனக்கு ஆறலை. ஏங்க, இப்பவாவது சொல்லுங்க. அன்னைக்கு எதுக்குங்க பொத்தினீங்க?

— வாசல்ல ஆம்புலன்ஸ் வந்து நின்னுச்சு.