கிரீஸ் தொட்டியின் சாவி

இன்ஸ்பெக்டர் தம்பி, தேத்தண்ணியில் சீனி கூடிவிட்டது. பரவாயில்லை, குடிக்கிறேன். சூலியா தெரு ஓட்டலில் இருபத்திரண்டு வருடம் சமையல்கட்டை மேற்பார்வை பார்த்தவன் இந்த சிவகுருநாதன். எதிலும் அளவு பார்த்தே பழகிவிட்டது.

தங்கராஜுவைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? மாதம் ஒருமுறை அக்கரையில் இருக்கும் சிம்பாங் அம்பாட்டிலிருந்து கிளம்பி, ஃபெரி ஏறி வந்து, பின்கட்டில் இருக்கும் கிரீஸ் தொட்டிக்குள் இறங்கிக் கொழுப்பு வாருகிறவன். ஆளுயரத் தொட்டி. பாத்திரம் கழுவும் தண்ணீரோடு போகிற எண்ணெயெல்லாம் அதில்தான் தேங்கி அழுகும். அந்த லட்சணத்தில் என்னை அண்ணே என்பான். நான் எந்த வகையில் அவனுக்கு அண்ணன்?

போன மாதம் ஓட்டல் முதலாளி தவுக்கேயிடம் போய், "இந்த அண்ணே பாத்திரம் கழுவுற எடத்துச் சல்லடையக் கழுவச் சொல்றதே இல்ல லா, எல்லாக் குப்பையும் தொட்டிக்கு வருது" என்று போட்டுக் கொடுத்துவிட்டான். கழிவு வாருகிறவனுக்கு வாய்க்கொழுப்பைப் பாருங்கள். தவுக்கே என்னையே சல்லடை கழுவ வைத்தார். தட்டு கழுவும் ரோஹானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எங்கள் குடும்பத்தில் எல்லாரும் பேனா பிடித்த கை, தம்பி. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

தொட்டிக்குள் விஷவாயு நிற்கும். அதனால் காலை ஆறு மணிக்கே மூடியைத் திறந்து காற்றாட விடவேண்டும். பூட்டின் சாவி என்னிடம். பதினொரு மணிக்கு வருகிறவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்கிவிடுவான். இத்தனை வருடமும் அப்படித்தான். படிக்காதவன், அவனுக்கு வேறென்ன தெரியும்?

திங்கட்கிழமையும் கேட்டான்: "ஆறு மணிக்கே தொறந்துட்டீங்களா அண்ணே?"

"தொறந்தாச்சு" என்றேன். திறந்து ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. லேசாகத் தலை சுற்றட்டும், வாய் அடங்கும் என்று நினைத்தேன்.

இரண்டு வாளி கூட நிரப்பவில்லை, சுவரோடு சாய்ந்துவிட்டான். கையை உயர்த்தி மறுபடியும் "அண்ணே" என்றான். பக்கத்தில் கயிறு கிடந்தது. ஒரு குரல் கொடுத்திருந்தால் சமையல்கட்டே ஓடி வந்திருக்கும். ஆனால் பகல் சாப்பாட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள், நாற்றம் முன்கூடம் வரை போய்க்கொண்டிருந்தது. மூடியை இழுத்துப் பூட்டினேன். அடியிலிருந்து இரண்டு முறை தட்டினான். அதற்கப்புறம் தட்டவில்லை.

கொலை என்று எழுதிக்கொள்வதானால் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அன்றைக்கு ஒரு மேசைக்காவது வாடை வந்ததா என்று விசாரித்து, அதையும் சேர்த்து எழுதுங்கள்.