ஒகோலாவின் எண்

அந்தி ஏழு மணி இருக்கும். கிசுமு நகரத்திலிருந்து ஏரிக்கரைக்குப் போகிற சாலை... ஒரு வாடகை பைக் கூட இல்லை. மழைக்கு முன்னே வருகிற மண்வாசனை மட்டும். சாலையோர அலுவலகத்தில் அபியோ தனியாக இருந்தாள்.

ஏரியில் புயல் கிளம்பினால் மீனவர்களின் போனுக்கு எச்சரிக்கை அனுப்பும் இணையச் செயலி ஒன்றை அவளும் கூட்டாளி ஒகோலாவும் நடத்திவந்தார்கள். அதை எழுதியவன் ஒகோலா. அதே ஏரியில் படகு கவிழ்ந்து போய்விட்டான்... மழைக்காலத் தொடக்கத்தில்.

அன்று மின்சாரம் போய் வந்தது. சர்வர் மறுபடி கிளம்பியது. கிளம்பியதும் முதலில் ஓட வேண்டிய நிரல் ஓடியது... நின்றது. செயலி திறக்கவில்லை.

போன் அடித்தது. கரையிலிருந்து கிழவர் ஒலாங்கோ.

"ஏம்மா, தூங்கிட்டியா? வானம் கன்னங்கரேல்னு கெடக்கு, உங்க மிஷினு ஒண்ணும் சொல்லலையே! எம் பசங்க ரெண்டு பேரும் உள்ள இருக்கானுங்க."

"இருங்க பெரியவரே... இதோ வந்துரும்."

அந்த நிரலை அப்போதுதான் முதன்முதலாகத் திறந்து பார்த்தாள். ஒகோலாவின் வேலை. சர்வர் கிளம்பினால் அவனுடைய எண்ணுக்கு அழைப்பு போகும். அவன் எடுத்து, ஒன்றாம் எண்ணை அமுக்க வேண்டும். அமுக்கினால்தான் செயலி திறக்கும்.



அவன் செத்த பிறகும் மின்சாரம் எத்தனையோ முறை போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் செயலி திறந்திருக்கிறது.

யார் அமுக்கினார்கள்?

திரையில் 'அழைக்கிறது' என்று இருந்தது. ஒலியைக் கூட்டினாள். ட்ரிங்... ட்ரிங்... நிரலில் அந்த அழைப்பு வரியை அழித்துவிடலாம் என்று கையை வைத்தாள்.

டக்.

எடுத்தாயிற்று. படகுப் பலகையில் தண்ணீர் மோதுகிற சத்தம். சளப்... சளப்... அறையெல்லாம் பாசி நாற்றம்.

"ஒகோலா?"

சளப்...

"டேய்... படகெல்லாம் உள்ள இருக்குடா. அமுக்குடா..."

சளப்... சளப்... பிறகு, பீப்.

செயலி திறந்தது. எச்சரிக்கை பறந்தது. புயல் கரையைத் தொடுமுன் எல்லாப் படகும் திரும்பிவிட்டது, ஒலாங்கோவின் மகன்களும்.

விடிந்ததும் அபியோ ஒகோலாவின் வீட்டுக்கு ஓடினாள். அவன் மனைவி அவுவோர் வாசலில் மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அவுவோர், ஒகோலாவோட போன் இப்ப யார்கிட்ட இருக்கு?"

"போனா? ஆளு கெடைச்சாரு, போன் கெடைக்கலயே. ஏரியோட போச்சு." கத்தி நின்றது. அவள் நிமிரவில்லை. "சார்ஜரை மட்டும் கழட்ட மனசு வரல. கட்டில் பக்கத்துல அப்படியே சொருகி வச்சிருக்கேன்..."

அபியோ வாசல்படியில் உட்கார்ந்தாள்.

"தெனம் காலையில தொட்டா, ஒயரெல்லாம் ஈரமா இருக்கு."