ரப்பர் பாதம்

— உலகத்துல எந்த நாட்டு ராணுவமா இருந்தாலும் சரி அனீஸ், அது தைச்ச பையி, ஊத்துன ரப்பரு, அடிச்ச பொத்தானு, எதுவும் எங்கிட்ட தன் பேரை மறைக்க முடியாது. மோந்து பாத்தே சொல்லிடுவேன். பெருமைக்குச் சொல்லல. தகவலாச் சொல்றேன். பதிவு பண்ணிக்க.

— பண்ணிக்கறேன் மணி. மொதல்ல அந்த ஷட்டரைப் பாதி இறக்கிட்டு உள்ள வா.

— வெளிச்சம் இருக்கும்போதே கடையை மூடறியா? ஒகேனக்கல் போற கூட்டம் ரெயின்கோட்டு கேட்டு வருமே. தர்மபுரியில இருந்து பஸ் புடிச்சு வந்திருக்கேன், ஒரு டீ கூட இல்லையா?

— டீக்கடையும் மூடிட்டாங்க. இந்த வாரமா பொழுது சாஞ்சா ரோட்டுல ஒருத்தரும் இல்ல. பஸ்ல யாரும் சொல்லலையா?

— கண்டக்டர் சொன்னாரு. ‘எறங்கி நேரா போயிடு தம்பி, அவரு நடமாட்டம் இருக்குது’ன்னாரு. எவரு அண்ணான்னு கேட்டேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு விசில் அடிச்சிட்டாரு.

— பேரைச் சொல்ல மாட்டாங்கடா இங்க.

— சிறுத்தைன்னு சொன்னா ஜிஎஸ்டி புடிப்பாங்களா?

— மெதுவா பேசு. சாயங்காலத்துல அந்தப் பேரைச் சொன்னா கூப்புடற மாதிரின்னு ஆடு வளக்கற சாலம்மாக்கா சொல்லும். எங்கம்மாவும் அவருன்னுதான் சொல்லும். ஊரே அப்படித்தான்.

— எங்க காலேஜ்ல பிரின்சிபாலையே அவன் இவன்னுதான் சொல்றோம். ஆட்டைத் தின்னுட்டு மரத்து மேல தூங்கற ஒண்ணுக்கு இவ்ளோ மரியாதையா? ரேஷன் கார்டு குடுத்துட்டீங்களா? வர்ற பஞ்சாயத்து எலெக்‌ஷன்ல நிக்கறாரா?

— சாலம்மாக்கா பட்டியில ஆடு போயிருக்குதுடா. ஒண்ணு இல்ல, ராத்திரிக்கு ஒண்ணா மூணு. அது வூட்டுல வேற வருமானம் கெடையாது. சிரிக்காத.

— சிரிக்கல. என் மூஞ்சியே இப்படி. சரி, என்னமோ அவசரம், போன்ல சொல்ல முடியாதுன்னியே. எடு.

— இந்தா. பெங்களூரு பக்கத்துல ஏலம் எடுத்த மிலிட்டரி லாட்டு. அப்பா மௌத்தாவறதுக்கு முன்னாடி எடுத்தது, பிரிக்காமயே கெடந்துச்சு. மத்தியானம் கூடாரத் துணியைப் பிரிச்சேன். நடுவுல இது.

— ஷூவா?

— ஷூ மேல போடற உறை மாதிரி. திருப்பிப் பாரு. அடியைப் பாரு.

— சித்த இரு. லைட்டைக் கிட்ட காட்டு. கான்வாஸ். பாசி கலரு. பின்னால இழுத்துப் போட வாரு. உள்பக்கம் அம்புக்குறி முத்திரை, நம்ம நாட்டு ராணுவத்துதுதான். கீழ இங்கிலீஷ்ல ‘ட்ரையல்’னு அச்சு. அப்பறம் வெறும் நம்பரு. கம்பெனி பேரு இல்ல, வருஷம் இல்ல.

— அதெல்லாம் எனக்கும் தெரியுது. அடியில இருக்கறது என்னது?

— பாதம். நடுவுல பெரிய மெத்தை. முன்னால நாலு வெரலு. அனீஸ், இது சிறுத்தை அடி.

— அந்தப் பேரைச் சொல்லாதன்னேன்.

— இது சோதனை சரக்குடா. படையில சேக்கறதுக்கு முன்னாடி கொஞ்சமாச் செஞ்சு பாப்பாங்க. சரிப்பட்டு வந்தா லட்சக்கணக்குல அடிப்பாங்க. வரலன்னா மூட்டை கட்டி ஓரமா போட்டுடுவாங்க. காட்டுக்குள்ள நம்ம ஆளு பூட்ஸ் மேல இதை மாட்டிக்கிட்டு நடந்தா, பின்னால தடம் பாத்து வர்றவன் என்ன நெனைப்பான்? மனுஷன் போவல, மிருகம் போயிருக்குதுன்னு திரும்பிடுவான். இப்படி ஒண்ணு இருந்திருக்கும்னு என் பேஜ்லயே எழுதியிருக்கேன். ஒருத்தனும் நம்பல. மோந்து பாரு, ரப்பர் இன்னும் சாவல.

— மோந்து பாக்கறதுக்கு உன்னைக் கூப்புடல. போன மாசம் பென்னாகரம் சந்தையில பழைய பூட்ஸை மூட்டையாவே தள்ளிவிட்டேன். பிரிச்சுக்கூட பாக்கல. இதுல ஒரு ஜோடி அதுல கலந்து போயிருந்தா?

— ஓ.

— என்ன ஓ? சொல்லித் தொலை.

— எவனோ இதை மாட்டிக்கிட்டு ஆடு திருடறான். ஊரு தடத்தைப் பாத்துட்டு கதவைச் சாத்திக்குது. அவன் பொறுமையா ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போறான். எலும்பு கெடைச்சுதா? தோலு?

— ஒண்ணுமே கெடைக்கல.

— சிறுத்தைன்னா ஏதாச்சும் விட்டுட்டுப் போவும். இவன் ஒண்ணும் விடல. ஏன்னா பிரியாணிக்காரன் தோலோட கேப்பான். கேஸ் முடிஞ்சுது.

— சரக்கு இந்தக் கடையிலருந்துதான் போச்சுன்னு தெரிஞ்சா ஊருல எங்க மூஞ்சியில யாரு முழிப்பாங்க? சாலம்மாக்கா எனக்குச் சோறு போட்டு வளத்துச்சுடா. அம்மா இந்த ரோட்டுல எப்படி நடக்கும்?

— உன் கடைப் பேரை எவன் சொன்னான்? தடம் போட்டோ ஏதாச்சும் இருக்குதா?

— காலையில மாடு வெச்சிருக்கற பெரியண்ணன், சாலம்மாக்கா பட்டிக்கிட்ட படம் எடுத்துட்டு வந்து ஊரு குரூப்புல போட்டாரு. பக்கத்துல தீப்பெட்டி வெச்சு எடுத்திருக்காரு பாரு.

— குடு போனை. ம். மெத்தை, நாலு வெரலு. அதே அளவு. இதேதான்.

— நல்லா பாத்தியா?

— பாத்துட்டேன். பதிவு பண்ணிக்க, இந்த ஊர்ல சிறுத்தை கெடையாது. கெடையவே கெடையாது.

— அப்பா. அப்படின்னா கொஞ்சம் மூச்சு வுடலாம். திருடன்னா போலீஸு பாத்துக்கும். என்னடா பண்ற, போனைக் குடு.

— அனுப்பிட்டேன்.

— எதை?

— ஊரு குரூப்புல வாய்ஸ். ‘பொதுமக்கள் கவனத்துக்கு. நான் வீரமணி, ராணுவ சாமான் ஆராய்ச்சி பண்றவன். உங்க ஊர்ல சிறுத்தை இல்ல, ரப்பர் செருப்பு போட்ட ஒரு திருடன்தான் இருக்கான். தைரியமா வெளிய வாங்க. இனிமே அவரு இவருன்னு பம்ம வேணாம், சிறுத்தைன்னு வாய் நெறையச் சொல்லுங்க, ஒண்ணும் ஆவாது.’

— என்னைக் கேக்காம ஏன்டா அனுப்புன?

— கேட்டா விட்டிருக்க மாட்ட. பாரு, அதுக்குள்ள பெரியண்ணன் கட்டை வெரலு காட்டிட்டாரு. சின்னம்மாள்னு ஒரு அம்மா சிரிச்ச மூஞ்சி போட்டிருக்காங்க. மக்கள் விழிச்சுக்கிட்டாங்க.

— சாலம்மாக்கா வாய்ஸ் வந்திருக்குது. போடு.

— ‘தம்பி, நல்ல வார்த்தை சொன்ன. ஆட்டையெல்லாம் வூட்டுக்குள்ள அடைச்சு வெச்சு மூச்சு முட்டுது. இப்பவே பட்டியில வுட்டுடறேன்.’ பாத்தியா, ஆட்டுக்கும் விடுதலை வாங்கிக் குடுத்திருக்கேன்.

— அம்மாவும் ஏதோ போட்டிருக்குது.

— ‘அனீசு, பாப்பாரப்பட்டி பஸ்லருந்து எறங்கிட்டேன். ராஜப்பன் ஆட்டோ இன்னும் வரல. மணி சொன்னதைக் கேட்டேன். இனி ஆட்டோ வேணாம், ஏரிக்கரை மேலயே நடந்து வந்துடறேன்.’ சந்தோஷம். ஆட்டோவையே ஒழிச்சிட்டேன்.

— பொழுதும் சாஞ்சிடுச்சு, ஏரிக்கரையில லைட்டு கெடையாது. ஒரு வாரமா அந்தப் பக்கம் யாரும் போவல.

— திருடன் ஆட்டைத்தான் திருடுவான். அம்மாவை என்ன பண்ணுவான்? வா, வெளிய குழாயடியில சேறு இருக்குது. இதை மாட்டி ஒரு மிதி மிதிச்சு, பெரியண்ணன் போட்டோவோட சேத்து வீடியோ போட்டுடலாம். சும்மா வாயால சொன்னா நாளைக்கு எவனாச்சும் கேள்வி கேப்பான்.

— சீக்கிரம் மிதிச்சுட்டு உள்ள வா. நாய் ஒண்ணும் கொலைக்கல, கவனிச்சியா? எப்பவும் இந்நேரத்துக்கு ஊரைத் தூக்கும்.

— ஓய்வெடுக்குது. லைட்டைப் புடி. இதோ வலது. இதோ இடது. தடம் எவ்ளோ அழகா விழுது பாரு. போட்டோவைக் கிட்ட கொண்டா.

— மணி.

— ம்.

— இதுல ஒவ்வொரு வெரலுக்கு முன்னாடியும் ஒரு புள்ளி விழுந்திருக்குது.

— நகம் அது. எவ்ளோ நுணுக்கமா செதுக்கியிருக்கான் பாரு.

— போட்டோவுல இல்லையே.

— சேறு காஞ்சிருக்கும்.

— போட்டோவுல ரெண்டு விரக்கடை ஆழத்துக்கு எறங்கியிருக்குதுடா தடம். மெத்தையோட ஓரம்கூட தெரியுது. வெரலு நாலும் தெரியுது. நகம் மட்டும் காஞ்சு போச்சா?

— சித்த இரு. யோசிக்க விடு.

— உள்ள வா. இந்த வாசப்படியைப் பாரு. போன வருஷம் சிமெண்ட் போட்டு ஈரம் காயறதுக்குள்ள நம்ம பூனை நடந்துச்சு. அதோ தடம். நகம் எங்க இருக்குது காட்டு.

— இல்ல.

— இந்தப் பக்கம் தெருநாய் நடந்தது. இதுல?

— இருக்குது.

— பூனை நடக்கும்போது நகத்தை உள்ள இழுத்துக்கும்டா. அவரும் பூனை சாதிதான.

— அப்ப ரப்பரைச் செதுக்குனவன்…

— நாயைப் பாத்துச் செதுக்கியிருக்கான்.

— அதான் படையில சேக்கல. காட்டு ஆளு எவன் பாத்தாலும் சிரிச்சிருப்பான். அதான் மூட்டை கட்டிப் போட்டிருக்காங்க. அனீஸ், இதை நான் மொதல்லயே பாத்திருக்கணும்.

— நீ மோந்துதான பாத்த.

— அப்ப பெரியண்ணன் போட்டோவுல இருக்கறது ரப்பர் இல்ல.

— இல்ல. அம்மாடா. ஏரிக்கரை மேல வருதுடா அம்மா.

— போன் போடு.

— ரிங் போவுது. எடுக்கல. ரெண்டு கையிலயும் பை இருந்தா எடுக்காது. மறுபடியும் போவுது. எடும்மா.

— வாய்ஸை அழிச்சுடட்டுமா?

— எல்லாரும் கேட்டாச்சு. அழிச்சா? மாத்திச் சொல்லு. சாலம்மாக்கா ஆட்டை வெளிய வுட்டுடுச்சோ என்னமோ. கூட அக்காவும் பட்டியிலதான் நிக்கும்.

— என்னன்னு சொல்றது?

— நீ சொன்னது தப்புன்னு சொல்லு.

— ‘பொதுமக்கள் கவனத்துக்கு. முன்னர் வெளியிட்ட ஆராய்ச்சியில ஒரு சிறு திருத்தம்…’

— மணி. அம்மா நடந்து வந்துக்கிட்டிருக்குது.

— சரி. சரி. ‘நான் வீரமணி பேசறேன். நான் சொன்னது தப்புங்க. தெரியாம சொல்லிட்டேன். யாரும் வெளிய வராதீங்க. ஆட்டை உள்ள கட்டுங்க. ஏரிக்கரை பக்கம் இருக்கறவங்க லைட்டைப் போட்டு தட்டைத் தட்டுங்க, அனீஸோட அம்மா அந்தப் பக்கம் தனியா வர்றாங்க.’ அனுப்பிட்டேன்.

— சாலம்மாக்கா பாத்துடுச்சு. ஆட்டை உள்ள ஏத்திட்டேன்னு போட்டிருக்குது. அம்மா இன்னும் பாக்கல.

— வண்டியை எடு, போலாம்.

— கரை மேல வண்டி போவாது. நடந்துதான் போவணும். அந்தக் கம்பியை எடுத்துக்க. பெரிய டார்ச்சு மேல் தட்டுல இருக்குது.

— நான் முன்னால போறேன். நான்தான அனுப்புனேன்.

— மணி, நில்லு. யாரோ ஷட்டரைத் தட்டறாங்க.

— கேட்டுச்சு.

— அனீசு. தெறடா. கை ரெண்டும் பாரமா இருக்குது.

— அம்மா. அம்மா, நீதானா? மணி, ஷட்டரைத் தூக்கு, தூக்கு.

— எத்தனை தடவைடா போன் அடிப்ப? எந்தக் கையால எடுக்கறது? இந்தப் பையைப் புடி, கறி வாங்கியாந்தேன். மணி, நீயும் இருக்கியா கண்ணு. உன் கொரலைக் கேட்டப்பறந்தான் எனக்கு உசுரே வந்துச்சு.

— அம்மா, வழியில ஒண்ணும் பாக்கலையே?

— பாக்கறதுக்கு என்னடா இருக்குது? ஒரு வாரமா பயந்து பயந்து செத்தேன். இன்னிக்குத்தான் நிம்மதியா நடந்தேன். மணி சொன்ன மாதிரி வழியெல்லாம் வாய் நெறைய பேரைச் சொல்லிக்கிட்டே வந்தேன். ஒண்ணும் ஆவல.

— ஏன்மா இப்படி மூச்சு வாங்குது உனக்கு?

— பெரியண்ணன் வூட்டுக் கன்னுக்குட்டி அவுத்துக்கிச்சு போல. மதகுலருந்து பின்னாலயே வந்துச்சு. நான் நின்னா அதுவும் நிக்குது. நடந்தா நடக்குது. கழுத்துல மணிகூட கட்டல, சத்தமே இல்ல. போ போன்னேன், போவல. அதான் கொஞ்சம் வெரசா வந்தேன்.

— திரும்பிப் பாத்தியாம்மா அதை?

— கண்ணாடி பையில கெடக்குது, இருட்டுல எனக்கு என்ன தெரியும்? காலையில பெரியண்ணன்கிட்ட சொல்லி ஓட்டிக்கிட்டுப் போவச் சொல்லு. ஏன்டா ரெண்டு பேரும் பேயடிச்ச மாதிரி நிக்கறீங்க? மணி, டார்ச்சை எங்க காட்டற? சிறுத்தை இல்லன்னு நீதான கண்ணு சொன்ன?

— அந்தப் பேரைச் சொல்லாதீங்கம்மா. திரும்பாம அப்படியே உள்ள வாங்க. அவரு குழாயடியிலதான் நிக்கறாரு.