சத்தியம் செய்யாத கருவி

லூயிஸ்: …தேதியை முதல்ல போடு. "2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை." அடுத்த வரி. "பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு." அடுத்த வரி. "என் குறை இது: என் வீட்டுக்குள் நடப்பதை, காசளவே உள்ள ஒரு கருவி, என்னைக் கேளாமலேயே சிங்கப்பூருக்குச் சொல்லிவிடுகிறது."

கெர்ட்ரூட்: மெதுவா சொல்லுங்க… கேளாமலேயேவா, கேட்காமலேயா?

லூயிஸ்: கேளாமலேயே. நாப்பது வருசம் ஒரு வாத்தியாரோட குடும்பம் நடத்திட்டு இதைக் கேக்கறியே.

கெர்ட்ரூட்: குடும்பந்தான் நடத்தினேன். பரீட்சை எழுதல.

லூயிஸ்: சரி, எழுது. "கையில் ஒட்டிய அக்கருவி இரத்தத்திலுள்ள சர்க்கரையை நிமிடந்தோறும் அளக்கிறது. அந்த எண் என் கைப்பேசிக்கு வருகிறது. அடுத்த நொடியே, அங்கே வேலை பார்க்கும் என் மகள் மெலிசாவின் கைப்பேசிக்கும் போகிறது."

கெர்ட்ரூட்: உங்க உடம்பை நெனச்சுத்தானே புள்ள வாங்கிக் குடுத்தா.

லூயிஸ்: அதையும் சேர்த்துக்க. "அன்பினால்தான்…" என்ன இது, எழுத்தெல்லாம் கோட்டை விட்டு இறங்குது?

கெர்ட்ரூட்: பேனா சரியில்ல.

லூயிஸ்: பேனாவா, கையா?

கெர்ட்ரூட்: நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்.

லூயிஸ்: "நான் பிறந்த செடெனாக் பக்கத்தில் எண்ணெய்ப்பனைகளை வெட்டிவிட்டுக் கணினிகளைக் குடியேற்றியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுச் சர்க்கரையும் அங்கேதான் எங்கோ சேமிக்கப்படுகிறதோ என்னவோ…"

கெர்ட்ரூட்: போன் அடிக்குது. அவதான்.

லூயிஸ்: பாத்தியா! …சொல்லும்மா. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். அம்மாவும் பக்கத்துலதான் இருக்காங்க.

மெலிசா: அப்பா, 3.6 காட்டுது. அம்புக்குறி கீழ போகுது. நாலுக்குக் கீழ எறங்கினா ஆபத்துன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன் லா! பசியாறினீங்களா, இல்லையா?

லூயிஸ்: பசியாறாம என்ன? ரெண்டு ரொட்டி சானாய், ஒரு கிளாஸ் தே தாரேக். ஒன்பது மணிக்கு, மார்க்கெட் கடையில.

கெர்ட்ரூட்: அப்பா நல்லாத்தான் இருக்காங்க. நீ உன் வேலையைப் பாரு.

மெலிசா: ரெண்டு ரொட்டி சாப்பிட்டா ஏறணும். இது எறங்குது… அப்பா.

லூயிஸ்: ம்.

மெலிசா: போன வெள்ளி 3.8. அதுக்கு முந்தின வெள்ளி 3.9. மத்த நாள்ல இப்படி இல்ல. வெள்ளிக்கிழமை மட்டும். பதினோரு மணிக்கு மேல.

கெர்ட்ரூட்: மிஷின் கெட்டுப்போயிருக்கும்.

மெலிசா: மிஷினுக்குத் தவக்காலம் தெரியுமா ம்மா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில்ல சிலுவைப்பாதை முடியற வரைக்கும் நம்ம வீட்டுல ஒண்ணும் சாப்பிடாம ஒருசந்தி இருக்கறது யாரு? அப்பாவா? எங்க, வீடியோ போடுங்க ப்பா. சட்டைக் கையைத் தூக்கிக் காட்டுங்க.

லூயிஸ்: பாத்துக்க. ரெண்டு கையும். ஒண்ணுமில்ல.

மெலிசா: இப்ப அம்மாவோட கை.

கெர்ட்ரூட்: அப்புறமா பேசலாம் மெலிசா… எனக்கு… கண்ணெல்லாம்…

மெலிசா: அலமாக்! அப்பா, சீனித் தண்ணி! மூணு கரண்டி! ஓடுங்க!

லூயிஸ்: கலக்கியே வச்சிருக்கேன். இந்தா, கெர்ட்டி. வாயைத் தொற.

கெர்ட்ரூட்: ஒருசந்தி முறிஞ்சிடும்ங்க…

மெலிசா: ஆண்டவர் கேட்டா மெலிசாதான் முறிச்சான்னு சொல்லுங்க. குடிங்க ம்மா!

லூயிஸ்: சாமியாரே வேணாம்னுட்டாரு. இன்சுலின் போட்டுக்கிட்டு பட்டினி கெடக்கக் கூடாதுன்னு டாக்டரும் சொல்லிட்டாரு. நானும் சொல்லிப் பாத்துட்டேன்… இன்னும் இருக்கு. முழுசும் குடி.

மெலிசா: இன்சுலினா? அம்மாவுக்கா? எப்பலேர்ந்து?

லூயிஸ்: அவ மொதல்ல மூச்சு வாங்கட்டும். நீ லைன்லயே இரு.

மெலிசா: …பத்து நிமிசமாச்சு. 4.3. ஏறுது. இப்ப சொல்லுங்க ம்மா.

கெர்ட்ரூட்: செப்டம்பர்லேர்ந்து. கிட்னியும் கொஞ்சம்…

மெலிசா: ஆறு மாசம்! என்கிட்ட ஒரு வார்த்தை…

கெர்ட்ரூட்: அப்பாவுக்கு நெஞ்சுல ஆபரேஷன் நடந்தப்ப வேலையை விட்டுட்டு வந்து உக்காந்த. ரெண்டு வருசம். இப்பதான் மறுபடி ஒரு நல்ல வேலை அமைஞ்சிருக்கு. எனக்காக இன்னொரு தடவை விடணுமா? அதான் உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு அப்பாவை பைபிள் மேல கை வைக்கச் சொன்னேன்.

மெலிசா: வேலையை விடல ம்மா. லீவு போட்டுட்டு வரேன். இன்னிக்கே கூலாய் வீட்டுக்கு வந்துடுவேன்.

கெர்ட்ரூட்: வெள்ளிக்கிழமை… எல்லைப் பாலத்துல கூட்டம் நெருக்கும்டி.

மெலிசா: நெருக்கட்டும். நிப்பேன். அப்பா, அம்மாவுக்கு இப்ப சோறு போடுங்க.

கெர்ட்ரூட்: …போனை வச்சிட்டா.

லூயிஸ்: ம். சோறு எடுத்துட்டு வரேன்.

கெர்ட்ரூட்: நில்லுங்க. இன்னிக்குக் காலையிலேர்ந்து நீங்க வாசலைத் தாண்டவே இல்ல. ரொட்டி சானாய் எங்க சாப்பிட்டீங்க? "கருவியை நீ ஒட்டிக்க, நாமளே வீட்டோட பாத்துக்கலாம், அவ என்னுதுன்னு நெனச்சுக்குவா"ன்னு சொன்னீங்களே… என்னங்க? அப்ப இந்தக் கடுதாசி?

லூயிஸ்: பேனாவை இங்க குடு. தேதி அப்படியே இருக்கட்டும், குறையை மட்டும் அடிச்சிடறேன். எழுதறதைப் படிக்கறேன், கேளு. "வாய் திறக்கமாட்டேன் என்று மனைவியிடம் சத்தியம் செய்தவன் நான். கருவி சத்தியம் செய்யவில்லை. ஆகவே, தவக்காலம் தொடங்கிய திருநீற்றுப் புதனன்று அதை அவள் கையில் ஒட்டினேன். மூன்று வெள்ளிக்கிழமைகள் அது சொல்லியும் என் மகள் என்னைத்தான் கடிந்துகொண்டாள். நான்காம் வெள்ளி, அவளுக்கே சந்தேகம் வரட்டும் என்று, தின்னாத ரொட்டியைத் தின்றதாகச் சொன்னேன். இதைப் படிக்கும் பிள்ளைகளே! திரையில் எண் தெரிகிறது என்று இருந்துவிடாதீர்கள். அது யாருடைய எண் என்று பாருங்கள். இன்றே வீட்டுக்குக் கூப்பிடுங்கள். அப்பா, அம்மா இருவரையும் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள்."